பட்டினியில் சாகும் வண்ண மீன்... கோவில்பட்டி வெயிலில் கடல் மீனுக்கு உயிருணவு வளர்ப்பது எப்படி?

தொட்டியில் தீனி போட்டாச்சு. மற்ற மீன்கள் எல்லாம் முண்டியடித்துத் தின்கின்றன. ஒரே ஒரு மீன் மட்டும் கல்லோரமாக நின்று, கண்ணுக்குத் தெரியாத எதையோ கொத்திக்கொண்டிருக்கிறது. போட்ட தீனியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சில வாரங்களில் வயிறு ஒட்டிப்போகிறது. ஒருநாள் காலையில் பார்த்தால் செத்துக் கிடக்கிறது. நோய் எதுவும் இல்லை. தீனி நிறைந்த தொட்டிக்குள்ளேயே பட்டினிச் சாவு.

கடல் மீன் தொட்டி வைப்பவர்களிடம் இந்தக் கதை அடிக்கடி கேட்கும். பெரும்பாலும் அந்த மீனின் பெயர் மாண்டரின். ஆரஞ்சும் நீலமும் பச்சையும் குழைத்துக் கோலம் போட்டது மாதிரி இருக்கும். விரல் நீளம்தான். கடையில் கேட்டால், "எல்லாம் தின்னும் அண்ணாச்சி, பயப்படாம கொண்டு போங்க" என்று பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். தின்னாது. அதற்கு உயிரோடு நகரும் தீனி வேண்டும், அதுவும் நாள் முழுக்க வேண்டும்.

கடலில் இருந்து உள்ளே தள்ளி இருக்கும் கோவில்பட்டியில், கோடை வெயில் கொளுத்தும் கரிசல் பூமியில், அந்தத் தீனியை வீட்டிலேயே வளர்க்க முடியுமா? முடியும். ஆனால் கடலோரத்து ஆட்களுக்கு இல்லாத சில சிக்கல்கள் இங்கே இருக்கின்றன. அவர்களுக்கு இல்லாத சில வசதிகளும் இருக்கின்றன.

மாண்டரின் மீன் ஏன் இவ்வளவு அடம்பிடிக்கிறது?

அது அடம் இல்லை, உடலமைப்பு. மாண்டரினின் சொந்த ஊர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவைச் சுற்றிய பசிபிக் கடல். பவளப்பாறை இடுக்குகளில் வாழும். வாய் மிகச் சின்னது. பாறை மேல் ஊர்ந்து திரியும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கோப்பிபாட் எனும் நுண் கணுக்காலிகள், குட்டிப் புழுக்கள், முட்டைகள் இவைதான் அதன் சாப்பாடு. விழித்திருக்கும் நேரமெல்லாம் கொத்திக்கொண்டே இருக்கும். நம்மைப்போல மூன்று வேளை கணக்கெல்லாம் கிடையாது. காலையில் ஒரு சிட்டிகை, மாலையில் ஒரு சிட்டிகை என்று மாத்திரைத் தீனி போட்டால், முதலில் அதை உணவு என்றே அது எடுத்துக்கொள்ளாது. எடுத்துக்கொண்டாலும் பக்கத்தில் இருக்கும் வேகமான மீன்கள் விட்டுவைக்காது.

இந்த மீனைப் பற்றி இன்னொரு விஷயம். பெரும்பாலான விலங்குகளில் நாம் பார்க்கும் நீலம் உண்மையான நீலச் சாயம் கிடையாது. ஒளி சிதறுவதால் வரும் தோற்றம் அது. உடலில் நீல நிறமியையே வைத்திருக்கும் மிகச் சில விலங்குகளில் மாண்டரினும் ஒன்று. செதில் கிடையாது. பதிலாக உடல் முழுக்கக் கெட்ட வாடையும் கசப்பும் கொண்ட வழுவழுப்பு. அதனால் வேறு மீன்கள் சீண்டுவதில்லை. பகைவனிடம் இருந்து தப்பிக்கத் தெரிந்த மீன், நம் தொட்டியில் பசியிடம் தோற்றுப்போகிறது.

கையில் இருக்கும் தீனி உதவாதா?

நன்னீர் மீன் வளர்ப்பவர்களுக்குப் புழுவும் மொய்னாவும் பழக்கமானவை. சென்னை கொளத்தூர் சந்தையில் இருந்து ஊர் ஊராகப் போகும் சரக்கு அது. கடல் தொட்டியில் இவை வேலைக்கு ஆகாது. நன்னீர் உயிர்கள் உப்புத் தண்ணீரில் விழுந்த சில நிமிடங்களில் துடித்துச் சாகும். தின்னாமல் விட்டதெல்லாம் அழுகி அமோனியாவாக மாறும். டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடைச் சேற்றில் வளர்வது, நோயையும் கூடவே கூட்டி வரும். கொசுப்புழு வளர்க்கலாமே என்று மொட்டைமாடியில் வாளி வைப்பவர்களும் உண்டு. டெங்கு பரவும் ஊரில் அதைவிட மோசமான யோசனை வேறு இல்லை.

கடல் மீனுக்கு உப்புத் தண்ணீரில் வாழும் தீனிதான் வேண்டும். வீட்டில் வளர்க்கக்கூடியவை மூன்று: ஆர்ட்டீமியா, கோப்பிபாட், இவை இரண்டுக்கும் சாப்பாடாகும் நுண்பாசி. ரோட்டிஃபர் என்று நான்காவதாக ஒன்று உண்டு. அது கோமாளி மீன் மாதிரியான மீன்களின் குஞ்சுகளுக்கு முதல் உணவு. பெரிய மாண்டரினுக்குப் பெரிதாக உதவாது.

தூத்துக்குடி உப்பளத்தில் ஒரு இறால்

ஆர்ட்டீமியா என்றதும் வெளிநாட்டுச் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பெரிய உப்பு ஏரிதான் நீண்ட காலமாக உலகச் சந்தைக்கு முட்டை தரும் முக்கிய இடம். டப்பாவில் அடைத்து வருவது பெரும்பாலும் அதுதான். ஆனால் இதே உயிர் நம்ம மாவட்டத்து உப்பளங்களிலும் இருக்கிறது. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிக உப்பு விளைவது தூத்துக்குடி வட்டாரத்தில். அங்கே கடல் தண்ணீர் ஒவ்வொரு பாத்தியாக ஏறி, வெயிலில் சுண்டிக்கொண்டே போகும். மீன்கள் வாழ முடியாத அளவுக்கு உப்பு ஏறிய பாத்திகளில், தன்னைத் தின்ன யாரும் இல்லாத நிம்மதியில் ஆர்ட்டீமியா பெருகும். ஒரு சென்டிமீட்டர் நீளம், பதினொரு ஜோடிக் கால்கள், மல்லாந்தபடியே நீச்சல். உப்புத் தொழிலுக்கும் இது நல்லது செய்கிறது. தண்ணீரில் உள்ள பாசியைத் தின்று தெளிய வைப்பதால் உப்பும் சுத்தமாக விளையும்.

இங்குள்ள நாட்டு ரகத்தில் இன்னொரு அதிசயம்: ஆண் கிடையாது. எல்லாமே பெண். இணை சேராமலேயே இனம் பெருக்கும். ஆகவே ஒரே ஒரு தாய் கிடைத்தாலும் ஒரு கூட்டம் உருவாகிவிடும். நிலைமை நன்றாக இருக்கும்போது குஞ்சாகவே ஈனும். உப்பு ஏறி, ஆக்சிஜன் குறைந்து, காலம் மோசமாகும்போது தடித்த ஓடு கொண்ட முட்டைகளை விடும். அந்த முட்டை காய்ந்துபோய், பழுப்பு நிறத் தூளாகக் காற்றடிக்கும் பக்கத்துக் கரையில் ஒதுங்கிக் கிடக்கும். தண்ணீர் பட்டால் ஆண்டுகள் கழித்தும் பொரிக்கும். சந்திரனுக்குப் போன அப்பல்லோ 16, 17 விண்கலங்களில் ஆய்வுக்காக இந்த முட்டைகளை ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். 1960களில் அமெரிக்காவில் சிறுவர்களுக்கு 'கடல் குரங்கு' என்ற பெயரில் விற்று ஒருவர் பெரும் பணம் பார்த்ததும் இதே உயிரை வைத்துத்தான்.

மீன் குஞ்சுக்கு இது நல்ல உணவு என்று 1930களில் அமெரிக்காவிலும் நார்வேயிலும் கண்டுபிடித்தார்கள். இன்று உலகம் முழுக்க இறால் பண்ணைகளின் குஞ்சு பொரிப்பகங்கள் இதை நம்பித்தான் ஓடுகின்றன. அதற்காகக் கொண்டுவரப்பட்ட அமெரிக்க ரகம் இந்திய உப்பளங்களுக்குள்ளும் புகுந்து, நாட்டு ரகத்தை ஓரங்கட்டத் தொடங்கியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். டப்பா முட்டையில் வளர்த்த மிச்சத்தை உப்பளம் பக்கம் கொண்டுபோய்க் கொட்டக்கூடாது என்பதற்கு அதுவே காரணம். உப்பளத்தில் இருந்து கொஞ்சம் பிடித்துவர நினைத்தால், அது ஒருவருடைய தொழில் செய்யும் இடம். கேட்டுவிட்டு இறங்குங்க.

சோடா பாட்டிலில் 24 மணி நேரம்

ஆர்ட்டீமியா பொரிக்க லேப் எல்லாம் தேவையில்லை. ஒரு லிட்டர் குளிர்பான பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி, தலைகீழாகத் தொங்கவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு, அரை தேக்கரண்டி சமையல் சோடா. உப்புக்குத் தூத்துக்குடிக் கல்லுப்பே போதும், அயோடின் சேர்க்காததாக இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒருநாள் திறந்துவைத்த பிறகு எடுங்கள். முட்டை ஒரு கிராம் போட்டால் போதும். அந்த ஒரு கிராமில் இரண்டு லட்சத்துக்கும் மேல் முட்டைகள் இருக்கும். ஏர் பம்ப் குழாயை அடிவரை விட்டு, தண்ணீர் நன்றாகப் புரளும்படி காற்று கொடுங்கள். பக்கத்தில் ஒரு விளக்கு எரியட்டும். 26 முதல் 28 டிகிரி வெப்பத்தில் 24 மணி நேரத்தில் ஆரஞ்சு நிறத்தில் குஞ்சுகள் நீந்தும்.

சித்திரை, வைகாசியில் கோவில்பட்டி வீட்டுக்குள்ளேயே 35 டிகிரி தாண்டும். அப்போது பொரிக்கும் அளவு குறையும், பொரித்ததும் சீக்கிரம் சோர்ந்துபோகும். மாடி அறையை விட்டுவிட்டு, கீழ்த்தளத்தில் தரையோடு ஒட்டி வைத்தால் வித்தியாசம் தெரியும். அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் பாட்டிலின் கீழ்ப்பாகம் மூழ்கும்படி நிறுத்துவது இன்னும் நல்லது.

எடுக்கும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். வெற்று ஓடுகள் மேலே மிதக்கும். பொரிக்காத முட்டை அடியில் தங்கும். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிக் கூடும். பாட்டிலின் ஒரு பக்கத்தில் டார்ச் காட்டினால் அங்கே ஆரஞ்சு மேகம் மாதிரி திரளும். மெல்லிய குழாயால் அதை மட்டும் உறிஞ்சி, நுண்ணிய வலையில் வடிகட்டி, சுத்தமான தண்ணீரில் அலசித் தொட்டியில் விடவேண்டும். ஓடுகள் கலந்துபோனால் ஜீரணமாகாது, சின்ன மீன்களின் குடலில் அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது நேரம். பொரித்த குஞ்சு முதல் சில மணி நேரத்துக்கு எதுவும் தின்னாது. தாய் கொடுத்த மஞ்சள் கருவில்தான் ஓடும். அந்தச் சத்து இருக்கும்போதே மீனுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஒருநாள் விட்டுவிட்டுக் கொடுத்தால் மீனுக்குக் கிடைப்பது வெறும் தோல்தான். உடனே கொடுக்க முடியவில்லை என்றால், கடல் உப்புத் தண்ணீரோடு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒருநாள் தாங்கும். அல்லது அரை நாள் நுண்பாசி கலந்த தண்ணீரில் நீந்தவிட்டு, அதன் வயிற்றை நிரப்பிக் கொடுக்கலாம். இதுதான் சிறந்த வழி. ஏனென்றால் மீனின் நரம்புக்கும் கண்ணுக்கும் வேண்டிய டிஎச்ஏ என்ற கொழுப்பு அமிலம் ஆர்ட்டீமியாவில் இயற்கையாக மிகக் குறைவு. ஆர்ட்டீமியாவை மட்டுமே மாதக்கணக்கில் கொடுப்பது, பிள்ளைக்குத் தினமும் கடலை மிட்டாய் மட்டும் கொடுப்பது மாதிரி. விரும்பித் தின்னும், ஆனால் உடம்பு தேறாது.

பெரிதாக்கியும் கொடுக்கலாம். அகன்ற டப்பில் உப்புத் தண்ணீர், மெல்லிய காற்று, சலித்த அரிசித் தவிட்டைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டிய பால் அல்லது ஸ்பைருலினா பொடி. தண்ணீர் லேசாகக் கலங்கினால் போதும், தெளிந்த பிறகு அடுத்த வேளை. இரண்டு மூன்று வாரத்தில் வளர்ந்த ஆர்ட்டீமியா கிடைக்கும். மாண்டரின் பலவும் குஞ்சுகளைவிட இதைத்தான் முதலில் துரத்தும்.

உண்மையான சாப்பாடு கோப்பிபாட்

ஆர்ட்டீமியா நடுத் தண்ணீரில் நீந்தும். மாண்டரின் தரையையும் பாறையையும் பார்த்துக் கொத்தும். அதனால் ஆர்ட்டீமியாவில் பாதி மற்ற மீன்களுக்குத்தான் போகும். மாண்டரினை உண்மையில் காப்பாற்றுவது பாறை மேல் ஊரும் கோப்பிபாட். டிஸ்பே, டிக்ரியோபஸ் இரண்டும் வீட்டு வளர்ப்புக்கு ஏற்ற இனங்கள். டிஸ்பே சின்னது, இடுக்குகளில் ஒளிந்து தொட்டிக்குள்ளேயே பெருகும். டிக்ரியோபஸ் கொஞ்சம் பெரிது, சிவப்பாக இருப்பதால் மீனின் கண்ணில் சட்டென்று படும், ஆனால் சீக்கிரம் தின்று தீர்ந்துவிடும். தாய் வளர்ப்பை ஒருமுறை வாங்கினால் போதும்.

பத்து இருபது லிட்டர் பிளாஸ்டிக் டப். லிட்டருக்கு 30 முதல் 35 கிராம் உப்பு உள்ள கடல் தண்ணீர். ஒரு நொடிக்கு ஒன்றிரண்டு குமிழி வரும் அளவுக்கு மெதுவான காற்று, போதும். தீனி நுண்பாசி. தண்ணீர் இளம்பச்சையாக இருக்கும் அளவுக்கு ஊற்றுங்கள். நிறம் வெளுத்ததும் மறுபடி ஊற்றுங்கள். அவ்வளவுதான். ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது வரும். டப்பின் ஓரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாக ஓடுவது தெரியும்.

கெட்டுப்போவது எப்போது? பெரும்பாலும் அன்பு மிகுதியால்தான். தீனியை அள்ளிக் கொட்டினால் அடியில் தங்கி அழுகும், அமோனியா ஏறும், ஒரே இரவில் மொத்தமும் போய்விடும். அதனால் ஒரே டப்பில் எல்லாவற்றையும் வைக்காமல் மூன்று டப்பாகப் பிரியுங்கள். ஒன்றில் எடுத்த வலையை இன்னொன்றில் போடாதீர்கள். வலை வழியாகத்தான் ரோட்டிஃபர் புகுந்து கோப்பிபாட்டின் தீனியைத் தின்று தீர்க்கும்.

இன்னொரு எமன் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்: கொசுவர்த்தி, கொசு விரட்டி திரவம், தெருவில் அடிக்கும் புகை மருந்து. இவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்து மனிதர்களைவிட இறால் வகை உயிர்களுக்குப் பல மடங்கு கொடியது. ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் அனுப்பும். மாலையில் கொசுவர்த்தி ஏற்றிய அறையில் காலையில் டப் காலியாக இருந்தால் ஆச்சரியப்படத் தேவையில்லை. பருத்திக்கும் மிளகாய்க்கும் மருந்தடித்துவிட்டு வந்த கையோடு டப்பைத் தொடுவதும் அப்படித்தான். சோப்பு போட்டுக் கழுவி, அந்தச் சோப்பும் போக அலசிய பிறகு தொடுங்கள்.

பச்சைத் தண்ணீர்: தூத்துக்குடிக்குப் புதிதல்ல

நுண்பாசி வளர்ப்பதைக் கேட்டால் விஞ்ஞானிகள் வேலை மாதிரி தோன்றும். இந்த வேலையை நம்ம மாவட்டத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1973ல் தூத்துக்குடியில் முத்து வளர்ப்பில் வெற்றி பெற்றது. அடுத்து 1981ல் முத்துச்சிப்பியின் குஞ்சுகளையே பொரிப்பகத்தில் வளர்த்துக் காட்டியது. அந்தக் குஞ்சுகளுக்குக் கொடுத்த தீனி ஐசோகிரைசிஸ் என்ற நுண்பாசி. கண்ணுக்குத் தெரியாத தீனி கைக்கு வந்தபிறகுதான் முத்துச்சிப்பிக் குஞ்சு கைக்கு வந்தது. அதே நிறுவனத்தின் மண்டபம், விழிஞ்ஞம் மையங்களில் பின்னாளில் கோமாளி மீன்களை இனப்பெருக்கம் செய்தபோதும் கதை அதேதான். முட்டை பொரிப்பது பெரிய காரியமில்லை. பொரித்த குஞ்சின் வாய்க்குள் நுழையும் அளவில், நகரும் தீனி தயாராக இருக்க வேண்டும். முதலில் ரோட்டிஃபர், பிறகு ஆர்ட்டீமியா.

வீட்டுக்கு நானோகுளோரோப்சிஸ் என்ற பாசி சுலபம். சுத்தமான பாட்டிலில் உப்புத் தண்ணீர், எஃப் பை டூ எனப்படும் உரக்கரைசல் சில துளிகள், தாய்ப் பாசி, காற்று, எல்இடி விளக்கு. ஒரு வாரம் பத்து நாளில் கரும்பச்சையாகும். அதில் முக்கால் பாகத்தை எடுத்துப் பயன்படுத்திவிட்டு, மீதியில் புதுத் தண்ணீர் சேர்த்து மறுபடி வளர்க்கலாம். கரிசல் பூமியில் வெயிலுக்கா பஞ்சம், மொட்டைமாடியில் வைத்துவிடலாமே என்று தோன்றும். வைக்காதீர்கள். வெளிச்சம் சரி, மூடிய பாட்டிலுக்குள் ஏறும் சூடு பாசியை வேகவைத்துவிடும். வீட்டுக்குள் விளக்குதான் பாதுகாப்பு.

நானோகுளோரோப்சிஸை மட்டும் நம்பினாலும் குறை உண்டு. அதிலும் டிஎச்ஏ மிகக் குறைவு. ஐசோகிரைசிஸில் அது இருக்கிறது, ஆனால் வளர்க்கக் கொஞ்சம் கஷ்டம். இரண்டையும் கலந்து கொடுத்தால் கோப்பிபாட் நன்றாகப் பெருகும், அதைத் தின்னும் மீனுக்கும் சத்து சேரும்.

கடல் தண்ணீருக்கு எங்கே போவது?

தூத்துக்குடிக் கல்லுப்பைக் கரைத்தாலே கடல் தண்ணீர்தானே என்று பலர் கேட்பார்கள். ஆர்ட்டீமியா பொரிக்க அது போதும் என்று சொன்னோம். மீன் தொட்டிக்குப் போதாது. காரணம் உப்பளத்துக்குள்ளேயே இருக்கிறது. கடல் தண்ணீர் சுண்டும்போது கால்சியம் முதலில் ஜிப்சமாகப் படிந்து பிரிந்துவிடும். பிறகுதான் சோடியம் குளோரைடு உப்பாக விளையும். மக்னீசியம் பெரும்பாலும் கடைசிக் கசப்புத் தண்ணீரில் தங்கிவிடும், அதை வெளியே விட்டுவிடுவார்கள். ஆக, பாத்தியில் வாரிய உப்பு கடலின் ஒரு பாகம் மட்டுமே. மீன் தொட்டிக்கும் கோப்பிபாட் டப்புக்கும் கடல் தொட்டி உப்புக் கலவைதான் வேண்டும். கலக்கும் தண்ணீர் ஆர்.ஓ. தண்ணீராக இருக்கட்டும். கரிசல் காட்டுப் போர் தண்ணீரில் கடினத்தன்மை அதிகம், உர நைட்ரேட்டும் இருக்கலாம்.

வெப்பம் பெரிய தலைவலி. மாண்டரினுக்கு 24 முதல் 27 டிகிரி வேண்டும். சில்லர் வாங்கினால் கவலை இல்லை, ஆனால் விலையும் கரண்ட் பில்லும் கூடுதல். இங்கேதான் கோவில்பட்டிக்கு ஒரு சாதகம். தண்ணீர் மேல் சின்ன விசிறி ஓடினால் ஆவியாகும் தண்ணீர் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். ஈரக்காற்று வீசும் தூத்துக்குடியில் இது மந்தமாகத்தான் வேலை செய்யும். கயத்தாறு காற்றாலைகளைச் சுற்றும் அந்த வறண்ட காற்று அடிக்கும் ஊரில் நன்றாகவே வேலை செய்யும். மண்பானைத் தண்ணீர் இங்கே ஜில்லென்று இருப்பதும் இதே கணக்குதான். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கும். தினமும் குறைந்த அளவுக்கு நல்ல ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றி ஈடுகட்ட வேண்டும். அங்கே உப்புத் தண்ணீரை ஊற்றினால் தொட்டி கொஞ்சம் கொஞ்சமாக உப்பளமாகும். வெயிலின் உச்சத்தில் விசிறி மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குள் 37 டிகிரி இருக்கும்போது விசிறி சில டிகிரிதான் குறைக்கும். அந்த மாதங்களில் சில்லர் இல்லாமல் இந்த மீனை வைப்பது நியாயமில்லை.

கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. வெயில் காலத்து மின்தடையைத் தொட்டி அதிக நேரம் தாங்காது.

பாறை எடுத்து வந்தால் ஜெயில்

வெளிநாட்டு வீடியோக்களில் 'லைவ் ராக்' போடுங்கள், கோப்பிபாட் தானாக வரும் என்று சொல்வார்கள். அது கடலில் இருந்து உயிரோடு எடுத்த பவளப்பாறை. இந்தியாவில் பவளப்பாறைகள் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. எடுப்பது, விற்பது, வைத்திருப்பது எல்லாமே குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்காவாக வருகின்றன. யாராவது "நம்ம ஆள் போட்டில் போவான், கல்லு கொண்டாருவான்" என்றால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

கடல் குதிரைக்கும் இதே கதை. அதுவும் பெரும்பாலும் உயிருணவு தின்னும் மீன், அதுவும் 2001ல் அதே அட்டவணையில் சேர்க்கப்பட்டது. யாராவது ரகசியமாக விற்றால், வாங்குபவரும் சிக்குவார்.

பாறைக்குப் பதில் காய்ந்த செயற்கைப் பாறை, சுட்ட பீங்கான் துண்டுகள் போதும். அதில் நாமே கோப்பிபாட்டை விதைக்கலாம். தொட்டியோடு இணைந்த சின்ன அறை ஒன்றில், மீன் இல்லாமல், நூல் மாதிரி வளரும் கீட்டோமார்ஃபா பாசியை விட்டால் கோப்பிபாட்டுக்கு அது புகலிடம். அங்கே பெருகி, தண்ணீரோட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய தொட்டிக்கு வந்து சேரும். மீன் நாள் முழுக்கக் கொத்துவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் பொறுமை வேண்டும். மூன்று முதல் ஆறு மாதம் தொட்டி மீன் இல்லாமல் ஓட வேண்டும். இந்தக் காத்திருப்பு முடியாது என்றால் கோமாளி மீனை வைத்துக்கொள்ளுங்கள். அது மாத்திரைத் தீனியைச் சந்தோஷமாகத் தின்னும். மாண்டரினைக் கடையிலேயே விட்டுவிடலாம்.

வயிறு ஒட்டிய மீனைக் காப்பாற்ற முடியுமா?

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மேலிருந்து பாருங்கள். நல்ல மீனுக்கு வயிறு உருண்டு, தலையும் உடலும் ஒரே அகலத்தில் தெரியும். தலை மட்டும் பெரிதாக, பின்னால் உடல் ஒட்டிப்போய், பக்கவாட்டில் எலும்புக் கோடு தெரிந்தால் அது பட்டினி. கடையில் வாங்கும்போதும் இதைத்தான் பார்க்க வேண்டும். ஒட்டிய வயிற்று மீனைப் பரிதாபப்பட்டு வாங்கினால் கடைக்காரர் அதே மாதிரி இன்னொன்றைக் கொண்டுவருவார்.

தொட்டிக்குள்ளேயே துளைகள் போட்ட சின்னப் பெட்டி ஒன்றில் மீனைத் தனியாக விடுங்கள். வேறு மீன் போட்டி இருக்காது. தினமும் நாலைந்து முறை உயிருள்ள கோப்பிபாட், சத்தூட்டிய ஆர்ட்டீமியா. வயிறு தேறிய பிறகு பழக்கத்தை மாற்றலாம். வளர்ந்த ஆர்ட்டீமியாவோடு உறைய வைத்த ஆர்ட்டீமியாவைக் கொஞ்சம் கலந்து, ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் வையுங்கள். வாரம் செல்லச் செல்ல உறைந்ததைக் கூட்டுங்கள். சில மீன் பத்து நாளில் பழகும், சில மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும், சில பழகவே பழகாது. தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த மாண்டரின்கள் சில வெளிநாடுகளில் விற்பனைக்கு வருகின்றன. அவை உறைந்த தீனிக்குச் சீக்கிரம் பழகும். கடலில் பிடித்ததா, வளர்த்ததா என்று கடையில் ஒரு வார்த்தை கேட்பது தப்பில்லை.

எப்போது தொடங்குவது?

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் தூத்துக்குடி உப்பளங்களில் மழைத் தண்ணீர் தேங்கி உப்புத் தொழில் நிற்கும். ஆர்ட்டீமியாவும் அருகிப்போகும், முட்டைகள் மட்டும் அடுத்த கோடைக்காகக் காத்துக் கிடக்கும். ஆகவே உப்பளத்து நாட்டு ரகம் வேண்டுமென்றால் மழைக்கு முன்பே எடுத்து, நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

வீட்டு வளர்ப்புக்கு அதே மழைக்காலம்தான் நல்ல நேரம். கார்த்திகையில் இருந்து தை வரை கோவில்பட்டியில் வீட்டுக்குள் தட்பவெப்பம் கோப்பிபாட்டுக்குத் தோதாக இருக்கும். கார்த்திகையில் பாசி, இரண்டு வாரம் கழித்துக் கோப்பிபாட், அது கூட்டமானதும் தொட்டியில் விதைப்பு. இரவு விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச் அடித்தால் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளிகள் ஊர வேண்டும். பங்குனி வந்தும் புள்ளிகள் குறைவாக இருந்தால் அந்தக் கோடையைக் கடந்துவிட்டு, அடுத்த ஆடி, ஆவணியில் மீன் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை மூன்று டப்பையும் தரையோடு வைத்துக் காப்பாற்றினால் போதும்.